செயலாளர் வேட்பாளரின் பல் செட்

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராகியே தீருவது என்று வெறி வந்துவிட்டது. குரல் இருந்தது. கம்பீரம் இருந்தது. பல்தான் இல்லை. புதிதாகக் கட்டிய பல் செட்டில் மேலே உள்ளது பரம சாது. கீழே உள்ளதோ, அவர் "அன்பார்ந்த" என்று ஆரம்பித்தாலே வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தது.

மேலே இருப்பதல்லவா விழ வேண்டும்? கீழே இருப்பது ஏன் குதிக்கிறது? மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மேல் செட்டையும் வாயையும் துண்டால் துடைத்து மாட்டிப் பார்த்தார். பொத்தென்று விழுந்தது. எச்சில் ஊறவிட்டு மாட்டினார். கப்பென்று ஒட்டிக்கொண்டது.

"எச்சில்தான்டி ஒட்டுது!" என்று கூவினார். கூவிய வேகத்தில் கீழ் செட் கைகழுவும் தொட்டிக்குள் விழுந்தது.

"பல் டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. நீங்க எங்க காதுல வாங்கினீங்க?" என்றாள் மனைவி. "மேல அண்ணம் பூரா அப்பிக்கிட்டு உக்காருது. ஓரத்துல காத்து நுழைய வழியில்ல. கீழ நாக்குக்கு எடம் விட்டு லாடம் மாதிரி செஞ்சிருக்கு. பிடிமானம் கம்மி."

"அப்ப என்ன பண்றது?"

"நாக்கை அடக்கணும்."

"என்னது?"

"அது பல்லுக்குப் பின்னால சும்மா படுத்திருக்கணும். உள்ள நாக்கும் வெளிய கன்னமும் அணைச்சாத்தான் செட் நிக்கும். வாயை அகலமாத் திறக்காதீங்க. அப்பப்ப ஒரு வாய் தண்ணி குடிங்க. பழகுற வரைக்கும் பேச்சைக் குறைங்க."

"செயலாளராகப் போறவன் பேச்சைக் குறைக்கிறதா?"

"நான் எதுக்கு இருக்கேன்? நீங்க கம்பீரமா நில்லுங்க. பேசுறதை நான் பேசுறேன்."

மனிதர் உருகிப்போனார்.

செயலாளரைத் தேர்ந்தெடுக்கும் சங்கக் கூட்டத்தில் அப்படியே நின்றார். நாக்கு படுத்திருந்தது. செட் இம்மியும் அசையவில்லை. அட, என்ன அதிசயம் என்று தன் வாய்க்குள்ளேயே கவனமாக இருந்துவிட்டார். பக்கத்தில் மனைவி லிப்ட், தண்ணீர் மோட்டார், குப்பை என்று ஒவ்வொன்றாகப் பிட்டுப் பிட்டு வைத்தாள். கைதட்டல் அதிர்ந்தது. தனக்குத்தான் என்று அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

கீழ்வீட்டுத் தையல்காரர் எழுந்தார். "இவ்வளவு விவரம் தெரிஞ்ச அக்காவே செயலாளரா இருக்கட்டுமே!"

அறிவிப்பாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுத்துக் கர்ஜிக்க மூச்சை இழுத்தார். நாக்கு எழுந்தது. கூடவே கீழ் செட்டும் எழுந்தது. இத்தனை பேர் முன்னால் மானம் போய்விடுமே! உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்று கேட்டார் தலைவர்.

மனைவி பரிவோடு தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

"வீட்டுக்காரரே ஒண்ணும் சொல்லல," என்றார் தலைவர். "ஏகமனதா முடிஞ்சது!"