காசுப் புத்தகங்களைச் சாக்கில் போடுவது சம்பந்தமாக

பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டியும், காசு சேகரிப்போர் சங்கத்தில் செயலாளர் பதவியுமாக இருக்கும் மைத்துனர் ரெத்தினம் அவர்களுக்கு, வெண்ணாற்றங்கரையிலிருந்து அத்தான் வீரையன் சொல்ல, மருமகள் வானதி எழுதுவது. இங்கே மாடு கன்று, உன் அக்காள் அம்சம், அவளுடைய முழங்கால் வலி எல்லாம் சௌகரியம். குறுவைக்கு நாளை விதை ஊறப் போடுகிறோம். உங்கள் பக்கம் மழை உண்டா என்று அறிய ஆவல்.

நிற்க. போனில் நீ சொன்ன தீர்மானத்தைக் கேட்டுக்கொண்டேன். அரசப்பன் ஐயா தான் எழுதும் காசுப் புத்தகத்துக்குப் படம் பிடிக்க என்று நாலு பேரிடம் பழங்காசு வாங்கி, அதே மாதிரி போலி வார்த்துத் திருப்பிக் கொடுத்து, அசலை விற்றுவிட்டார், வழக்கு நடக்கிறது, ஆகையால் அவருடைய மூன்று பாகத்தையும் எல்லாரும் ஒப்படைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை நீ சாக்கோடு வருவாய். சரி மாப்ளே. அன்றைக்கே மூன்றையும் பரணில் ஏற்றினேன். ஆனால் எனக்கு எழுத்துத் தெரியாது. நான் அதைப் படித்தவன் இல்லை, கேட்டவன். வானதி கல்யாணமாகி வந்த வருஷம் அடைமழையில் மூன்றையும் ஒரு தடவை வாசித்தாள். அவ்வளவுதான். பரணில் ஏற்றிய மறுநாளே எதிர்வீட்டு வைரக்கண்ணு ஆற்று மணலில் கிடைத்த காசை நீட்டினால், ரெண்டாம் பாகம், புலிக்குப் பக்கத்தில் ஒத்தை மீன் என்று வாய் தானாகச் சொல்கிறது. புத்தகத்தைச் சாக்கில் போடலாம், தலையை எதில் போட? அதற்குப் பதிலாகச் சங்கம் சொன்ன புதுப் புத்தகத்தையும் மகன் சதீஷ் வாங்கி வந்தான். வானதி ஒரு வரி வாசித்தால் அடுத்த வரியை நான் சொல்கிறேன். அரசப்பன் ஐயா தலைகீழாகப் போட்ட ஒரு படத்தை இந்தப் புது ஆசிரியரும் தலைகீழாகவே போட்டிருக்கிறார். "அப்ப எந்தத் திருடரைத்தான் நம்புறது மாமா?"ன்னு கேக்குறா வானதி.

என் கவலை வேற. மண்ணுல கெடச்ச நம்ம செம்புக் காசும் அரசப்பன் ஐயா கையில பதினோரு நாள் இருந்துச்சு. அம்சம்தான் மஞ்சத் துணியில முடிஞ்சு குடுத்தா. திரும்பி வந்தப்ப பளிச்சுன்னு இருந்துச்சு. கேட்டதுக்கு, "புளி போட்டு வெளக்குனேன்"னு சொல்லிட்டா. ரெண்டாம் பாகத்தில் அதன் படமும், அடியில் என் பெயரும் இருக்கிறது. அச்சில் என் பெயர் வந்த ஒரே இடம். உன் கல்யாணப் பத்திரிகையில் என்னை விட்டுவிட்டீர்கள், ஞாபகம் இருக்கும். அந்த மனுஷன் நம்ம வீட்டுத் தரையில உக்காந்து, "எந்த ஆழத்துல கெடச்சுதுங்க பெரியவரே, மேல களியா மணலா?"ன்னு கேட்டார். படிச்சவங்கள்ல என்கிட்ட கேள்வி கேட்டவர் அவர் ஒருத்தர்தான். மத்தவங்க நான் கேக்கும் முன்னயே பதில் சொல்றவங்க.

மூன்றாம் பாகத்தில் போலியைப் பிடிக்கிற வழி இருக்கிறது. வார்த்த காசுக்கு விளிம்பில் மயிர்க்கோடு ஓடும், நகத்தில் தட்டும். ஊரார் காசு ஏழில் நகம் வைத்துச் சொல்லியிருக்கிறேன், நம்ம காசில் மட்டும் வைக்கவில்லை. நேத்து வச்சேன். தட்டுச்சு மாப்ளே. சுத்திவரத் தட்டுச்சு. அந்த ஆளை வாய்க்கு வந்தபடி வைதேன். அப்புறம் யோசிச்சேன், தன்னைப் பிடிக்கிற வழியையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆள் பொய், புத்தகம் மெய். ஆகவே ஒப்படைக்க மாட்டேன்.

உன் மண்டியில் காய் தேங்காமல் போகட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். சங்கத்துக்கு இல்லை.

இப்படிக்கு,
வீரையன் (கைநாட்டு)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன், உன் அக்காளுக்குக் கால் மடங்காததால் விதைநெல் மூட்டையை இந்த வருஷம் நான் அவிழ்த்தேன். நெல்லோடு ஒரு கறுத்த காசு உருண்டு வந்தது. நகம் வைத்தேன். தட்டவில்லை. அவளைப் பார்த்தேன்.

"வெதைக்கு நல்லதுன்னு நம்ம செம்புக் காச வருஷா வருஷம் உள்ள போட்டுக் கட்டுறதுதான். அந்த ஐயா வந்தப்ப மூட்டையக் கட்டியாச்சு. கட்டுனத வெதைக்கும் முன்ன அவுப்பாங்களா? சதீஷ் சின்னப்புள்ளையில பெரிய கோயில் வாசல்ல வாங்குன காசு கெடந்துச்சு, குடுத்தேன். படம் புடிக்கத்தானே, எதுவா இருந்தா என்ன?" என்கிறாள்.

மற்ற நாலு பேர் காசு எப்படியோ, நம்மிடம் வாங்கியதை அவர் அப்படியே திருப்பித் தந்திருக்கிறார். விளையாட்டுக் காசின் படத்துக்கு அடியில்தான் அசல் என்று எழுதிவிட்டார். ஆள் மெய், புத்தகம் பொய். அந்தப் பொய்யும் நம்ம வீட்டுச் சரக்கு.

வெள்ளிக்கிழமை சாக்கோடு வா, மூன்றையும் எடுத்துப் போ. எல்லாம் என் தலையில் இருக்கிறது. ரெண்டாம் பாகத்தில் ஒரு பக்கம் குறையும், தேடாதே. பொய் இருக்கிற பக்கம் அதுதான். என் பெயர் இருப்பதும் அதில்தான்.