போர்வை வழங்கும் பெருந்தகை

யாழ்ப்பாணத்தில் வெப்பமானி இருபத்திரண்டுக்கு இறங்கியதும் ஒரு மனித இனம் வெளிக்கிடும். மற்ற மாதங்களில் இவர்களை உங்களால் அடையாளம் காண முடியாது. எங்களைப் போலவே சந்தைக்குப் போவார்கள், முருங்கைக்காய்க்கு விலை பேசுவார்கள். மார்கழி பிறந்ததும் காதை மூடிய கம்பளித் தொப்பியும் கனடாவிலிருந்து வந்த தடித்த குளிர்ச்சட்டையுமாக, முன்னால் பெயர் எழுதிய ஒரு பனர், பின்னால் ஒரு வான், வானுக்குள் போர்வைக் கட்டுகள் என்று வீதிக்கு வந்துவிடுவார்கள். இவர்கள்தான் போர்வை வழங்குவோர்.

இந்த இனத்தில் நன்றாக வளர்ந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் உரும்பிராய்க்கு வாருங்கள். பெயர் தியாகலிங்கம். ஓய்வுபெற்ற பாடசாலைப் பிரதி அதிபர், 'மார்கழிக் கரங்கள்' அமைப்பின் தலைவர். ஒரு போர்வையை எப்படிக் கொடுப்பது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. நீங்கள் நீட்டுவீர்கள், எதிரில் நிற்பவர் வாங்குவார், முடிந்தது. தியாகலிங்கம் முதலில் பனரைக் கட்டி, அதன் சுருக்கங்களை இழுத்துவிட்டு, வீடில்லாதவர்களை உயரப்படி வரிசையாக நிறுத்தி, தன்னலமற்ற சேவை பற்றி ஏழு நிமிடம் பேசி, போர்வையின் ஒரு நுனியைத் தானும் மறு நுனியை வாங்குபவரும் பிடித்திருக்க, இருவரும் கமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்படி செய்வார். படம் சரியாக விழும்வரை தன் நுனியை விடமாட்டார். இது விளம்பரத்துக்கில்லை, மற்றவைக்கு ஒரு முன்மாதிரி என்பார். அதையும் படம் பிடிப்பார்கள்.

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவருடைய வான் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வானில் நாற்பது போர்வைகள். வீடில்லாதவர்கள் ஒன்பது பேர். முந்தின கிழமை வேறொரு அமைப்பு வந்து போயிருந்தது. அதற்கு முந்தின கிழமை இன்னொன்று. ஒன்பது பேரும் யாரும் சொல்லாமலே உயரப்படி நின்றார்கள்.

ஆறாவதாக நின்றவர் கத்தரீனா. குருநகர்ப் பெண், வயது அறுபத்தைந்து, காலையில் சந்தையில் மீன் வெட்டிக் கொடுப்பவர். அவர் இருந்த வாடகை அறையை உல்லாசப் பயணிகளுக்கான விடுதியாக்கிவிட்டார்கள். ஆவணியிலிருந்து பூட்டிய கடையொன்றின் வாசலில் படுக்கிறார். முதல் படத்தில் கண்ணை மூடிவிட்டதால் இன்னொரு தரம் நிற்கச் சொன்னார்கள். நின்றார். படம் எடுத்து முடிந்தபிறகு, இருமலை அடக்கிக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"ஐயா, போர்வை என்னட்டை நாலு கிடக்கு. தாழமுக்கம் வருதாம், பெருமழையாம். வெள்ளம் ஓடினால் எல்லாம் நனைஞ்சிடும். உங்கடை பக்கம் எத்தினையோ வீடு பூட்டிக் கிடக்காம். ஒரு விறாந்தை கேட்டுத் தருவியளோ? கூட்டித் துடைச்சு வைச்சிருப்பன்."

தியாகலிங்கத்தின் சட்டைப்பைக்குள் அந்த நேரம் ஒரு திறப்பு இருந்தது. அவருடைய வளவுக்குப் பக்கத்து வளவில், கனடாவிலிருக்கும் அண்ணர் சண்முகநாதனின் ஐந்து அறை வீட்டுப் பூட்டின் திறப்பு. தினமும் ஆறு மணிக்குப் போய், உள்ளே ஆள் இருப்பதுபோல் தெரியட்டும் என்று முன் லைற்றைப் போட்டுவிட்டு வருவது அவர் வழக்கம்.

"பாப்பம் அம்மா," என்றார். பாப்பம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்தவர் மனைவி குணலட்சுமியிடம் உலகம் கெட்டுப்போன கதையாக இதைச் சொன்னார். போர்வை கொடுத்தால் வீடு கேட்கிறார்கள். குணலட்சுமி தேங்காய் திருவிக்கொண்டே அண்ணரிடம் கேட்கலாமே என்றார். அண்ணை ஒருநாளும் சம்மதியார் என்று தியாகலிங்கம் கதையை முடித்தார்.

ஞாயிறு காலை வழக்கம்போல அண்ணர் போனில் முகம் காட்டினார். தியாகலிங்கம் கம்பளித் தொப்பியைத் தேடி எழும்பிய இடைவெளியில் குணலட்சுமி போனை எடுத்து, கத்தரீனாவின் கதையை ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டார்.

"இருக்கட்டும் குணம்," என்றார் சண்முகநாதன். "வீட்டிலை ஆரையேன் இருத்தச் சொல்லி மூண்டு வருசமாச் சொல்லுறன். நல்ல ஆக்கள் கிடைக்கேல்லை எண்டெல்லோ தம்பி சொன்னவன்."

தியாகலிங்கம் தொப்பியோடு கதவடியில் நின்றார். குணலட்சுமி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். வீட்டைத் திறவுங்கோ, ஒருக்கால் கூட்டுவம் என்று மட்டும் சொன்னார்.

திறந்தார்கள். காற்றும் வெளிச்சமும் நன்றாக வருகிற முன் அறையில், தேக்கங் கட்டிலில், மூன்று வருடத்து மிச்சப் போர்வைகள் படுத்திருந்தன. தொண்ணூறாவது இருக்கும். குளிராமல், நனையாமல், மெத்தைக்கு மேலே, பொலித்தீன்கூடப் பிரியாமல். தியாகலிங்கம் தானே தூக்கத் தொடங்கினார். ஆறு தரம் நடந்து சாமானறைக்குள் போட்டார். முதுகு பிடித்துக்கொண்டது.

திங்கள் மத்தியானம் ஓட்டோ பிடித்துப் போய்க் கத்தரீனாவைக் கூட்டி வந்தார். கத்தரீனா ஒரு பையும் மீன் வெட்டும் கத்தியும் கொண்டுவந்தார். விறாந்தை காணும், அறை வேண்டாம் என்று நின்றவரைக் குணலட்சுமி கையில் பிடித்து முன் அறைக்குள் விட்டார். பின்னேரம் தொடங்கிய மழை மூன்று நாள் விடவில்லை. பஸ் நிலையத்தில் முழங்காலளவு வெள்ளம்.

நாலாம் நாள் காலை மழை விட்டது. வேலியால் எட்டிப் பார்த்த தியாகலிங்கத்துக்கு அண்ணரின் வீட்டில் அடுப்புப் புகை தெரிந்தது. விறாந்தை கூட்டியிருந்தது. கொடியில் ஒரு சேலை காய்ந்தது. நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அதே வேளையில் கை போனை எடுத்தது. கத்தரீனா கண்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வரட்டோ என்று மரியாதையாகக் கேட்டார். தியாகலிங்கம் போனைப் பைக்குள் வைத்தார்.

அந்த வருடம் அவர் செய்த ஒரே உதவிக்குப் படம் இல்லை. அந்தக் கவலை இன்னும் அவருக்கு இருக்கிறது.

தையில் தியாகலிங்கம் பனர் இல்லாமல் தன் வீட்டு ஒழுங்கையில் வீடு கேட்டு இறங்கினார். பஸ் நிலையத்தில் இன்னும் எட்டுப் பேர். ஒழுங்கையில் பூட்டிய வீடுகள் பதினொன்று. திறப்பு வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்கள், அவருடைய சேவையைப் புகழ்ந்தார்கள், வெளிநாட்டில் இருக்கிறவை சம்மதியார் என்றார்கள். கேட்டுப் பார்த்தீர்களா என்று அவர் ஒருவரையும் கேட்கவில்லை. பதில் அவருக்குத் தெரியும்.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு ஒருவரின் முகம் நினைவுக்கு வந்திருக்கும். இதை அவருக்கு அனுப்பவேண்டும் என்றும் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் முதலில் உங்கள் போனைப் பாருங்கள். அவர் ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பியிருப்பார்.