பாத்திரத்தில் கனம் போதாது

"ஏட்டி செல்லபாய், மானம் போச்சு!" என்று ராஜையன் கடைக்குள்ளிருந்து மாடிவீட்டைப் பார்த்துக் கத்தினார்.

செல்லபாய் இறங்கி வந்தாள். கணவர் நீட்டிய போனில், ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில், ஸ்ரீவராகம் சேஷன் என்பவர் புதிதாக வந்த சரித்திரத் தொடருக்கு விமர்சனம் எழுதியிருந்தார்.

"அவசர வேலை. பாத்திரங்கள் எல்லாம் மெலிசு. ராஜாவின் பாத்திரம் மேலே பளபளப்பு, உள்ளே ஒன்றுமில்லை. அது விழும் இடத்தில்கூட ஓர் அதிர்வு இல்லை."

அந்தத் தொடருக்கு உருளி, தாம்பாளம், செம்பு எல்லாம் வாடகைக்குக் கொடுத்தவர், சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த இதே ராஜையன்தான். பித்தளை என்று சொல்லி அவர் கொடுத்ததோ தகரம். மேலே தங்க நிறப் பெயின்ட். கடை வாசலில் மட்டும், 'தட்டிப் பார்த்து வாங்குங்கள்' என்று ஆளுயர போர்டு.

"டிவியில பாத்தே கண்டுபிடிச்சிட்டாரே, மனுசனா அவரு?"

"உள்ளதைத்தானே எழுதியிருக்காரு," என்றாள் செல்லபாய்.

"நீயுமா? இது சாலைக் கடைத்தெரு முழுக்கப் பரவுனா, கல்யாணத்துக்கு ஒரு கரண்டி வாங்க ஒருத்தன் வருவானா?"

மறுநாள் விடிந்ததும், கடையிலிருந்த அசல் பித்தளையை ஆட்டோவில் ஏற்றி, வெள்ளாயணியில் போட்டிருந்த அரண்மனை செட்டுக்குப் போனார். யாரும் பார்க்காமல் தகரத்தை எடுத்துவிட்டுப் பித்தளையை வைத்தார்.

தொடர் மொத்தமே நாலு பகுதி. முதல் பகுதியின் நாற்பது நிமிஷத்தில் ராஜா பிறந்து, முடிசூடி, மூன்று போர் ஜெயித்து, ராணியின் பெயரைக் கேட்பதற்குள் கல்யாணத்தையும் முடித்திருந்தார். அன்றைக்கு மூன்றாம் பகுதியின் படப்பிடிப்பு. பாயச உருளியை எடுத்து ராணியிடம் கொடுத்துவிட்டு, ஒரே பாய்ச்சலில் போருக்கு ஓட வேண்டும்.

ராஜா உருளியைத் தூக்கினார். உருளி வரவில்லை. மறுபடி தூக்கினார். முகம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது. ஓரடி வைத்து நின்றார். முனகினார். அடுத்த அடி வைத்தார்.

"எந்தா இது? ரெண்டு நிமிஷம் போயாச்சு!" என்று மலையாளி டைரக்டர் அபிஜித் தலையில் கைவைத்தார். "ரெண்டு நிமிஷத்துல நான் ரெண்டு போர் முடிப்பேன்!"

தூணுக்குப் பின்னால் நின்ற ராஜையனுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் உருளிக்கு ஒரு கை கொடுத்தார். கேமராவில் ராஜாவுக்கும் ராணிக்கும் நடுவே, சட்டைப்பையில் பேனா குத்திய வேட்டிக்காரர் ஒருவர் தெரிந்தார்.

"அண்ணாச்சி! இங்க என்ன வேலை?"

"பாத்திரம் மெலிசுன்னு எழுதிட்டாங்களே சாரே! அதான் தகரத்தை எடுத்துட்டு நல்ல பித்தளையா வச்சேன்."

அபிஜித் சிரித்தார். "அது கதாபாத்திரம், அண்ணாச்சி! ராஜா, ராணி, மந்திரி... என் ஆளுங்களைத் திட்டியிருக்காங்க!" சிரிப்பு சட்டென்று நின்றது. "ஒரு நிமிஷம். தகரமா?"

தேவையே இல்லாமல் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டோம் என்பது அப்போதுதான் ராஜையனுக்கு உறைத்தது.

"இனி டைட்டில்ல உங்க பேரு இல்ல. ஊருக்கும் சொல்லுவேன், கேட்டோ!"

திரும்ப எடுக்க நேரமில்லை. வேட்டிக்காரரை அரண்மனைச் சமையல்காரர் ஆக்கி, காட்சியை அப்படியே ஒளிபரப்பினார்கள். ராஜையன் அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பைத் திறக்கவே பயந்தார்.

அடுத்த வாரம் அபிஜித்தே கடைக்கு ஓடி வந்தார். கையில் போன், அதில் சேஷனின் புது விமர்சனம்.

"இந்த வாரம்தான் பாத்திரத்துக்குக் கனம் வந்திருக்கிறது. நிதானமாகக் காட்டியதால் கண்ணில் நிற்கிறது. ராஜாவின் பாத்திரம் அசல்."

"ராஜ்ஜிய பாரம் ராஜா முகத்துல தெரிஞ்சிருக்கு அண்ணாச்சி! எல்லாம் உங்க உருளி! தகரத்தை மறந்தாச்சு. உங்க பேரைப் பெரிய எழுத்துல போடறேன்!"

ராஜையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு பெட்டி போளி வாங்கிக்கொண்டு, சேஷனுக்கு நன்றி சொல்ல இருவரும் ஸ்ரீவராகத்துக்கே போனார்கள். அவர் கோயிலுக்குப் போயிருந்தார். மனைவி லலிதாம்பாள் காபி கொடுத்தாள்.

"மாமி," என்று அபிஜித் நாற்காலி நுனிக்கு வந்தார். "சார் எந்தக் கதாபாத்திரத்தை ரொம்ப ரசிச்சார்?"

"கதையை அவர் எங்கே பார்த்தார்! முப்பது வருஷம் பாத்திர ஃபேக்டரியில தரம் பார்த்தவர், எதைப் போட்டாலும் பாத்திரத்தை மட்டும்தான் பார்ப்பார். அந்த உருளிக்கு உடனே ஈயம் பூசணும்னார்... உங்க ரெண்டு பேர்ல கடைக்காரர் யாரு?"