பத்தொன்பதாவது கொக்கி

பாப்பாவின் துணிகளை ஒவ்வொன்றாகக் கும்மிக்கொண்டே, ராணியின் கவசத்தில் பத்தொன்பதாவது கொக்கியை இன்றைக்குக் கழற்றலாமா வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் சோப்பு நுரை. போன் குளியலறைக் குழாய்க்கு மேலே பலகையில் சாய்ந்து நின்றது. இவள் சொன்னால் அது எழுதிக்கொள்ளும். ஏழாவதோடு நின்றுபோன படிப்பு. எந்த எழுத்துக்குக் கொம்பு, எதற்குக் கால் என்ற கவலையெல்லாம் போனோடு போயிற்று.

"அவன் விரல் கொக்கியின் மேல் நின்றது. ராணி மெல்ல மூச்சு விட்டாள்" என்றாள் குசுகுசுவென்று. கூடத்துக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டிருந்தாள்.

கூடத்தில் அவள் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எங்கெங்கோ மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் கதவைத் திறந்து வெளியே விட்டுவிட்டு வந்து, டிவிக்கு முன்னால் 'ஏழு கோட்டை' விளையாட்டில் தானே போய் மாட்டிக்கொள்வான். கல்யாணமான புதிதில் பேசலாம் என்று பக்கத்தில் போய் உட்காருவாள். "இரு, இந்தக் கோட்டை முடியட்டும்" என்பான். ஒரு பாகத்துக்கு ஏழு கோட்டை. நாலு பாகம் வந்தாயிற்று. இருபத்தெட்டுக் கோட்டையும் விழுந்தது. பேச்சுதான் தொடங்கவில்லை.

உட்கார்ந்து உட்கார்ந்து அந்த ராணியும் படைத்தலைவனும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். விளையாட்டில் இரண்டு பேரும் ஓர் அறைக்குள் போனால் கதவு சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று ரசிகர்களே எழுதிப் போடுகிற ஒரு தளம் இருந்தது. வாசலிலேயே 'பெரியவங்களுக்கு மட்டும்' என்று போட்டிருப்பார்கள். புருஷன் போனில்தான் அதைப் பார்த்தாள். முதல் கதையை முகத்தில் கையை வைத்து, விரல் சந்து வழியாகப் படித்தாள். மூன்றாவது கதைக்குக் கை இறங்கிவிட்டது. ஐந்தாவது கதைக்கு எரிச்சல் வந்துவிட்டது. பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி என்ன அவசரம் இது? அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசினானா ஒருத்தன்?

சரி, நாமே எழுதுவோம் என்று இறங்கினாள். புனைபெயர் 'ஈரக்கை'. ராணியின் கவசத்துக்கு முப்பத்திரண்டு கொக்கி வைத்தாள். அத்தியாயத்துக்கு ஒரு கொக்கி. ஒவ்வொன்றுக்கும் ராணி ஒரு சங்கதி சொல்வாள், படைத்தலைவன் முழுசாகக் கேட்டால்தான் கொக்கி கழலும். அறுநூறு வாசகர்கள் இப்போது பதினெட்டாவது கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறுநூறில் 'தனிப்படை' என்று ஒருத்தர். இவள் குளியலறையில் அத்தியாயத்தை அனுப்பினால் கூடத்தில் டிங் என்று மணி அடிக்கும். நாலு நிமிஷத்தில் தனிப்படையின் பாராட்டு வந்து சேரும். இரண்டு தடவை நடந்தபிறகு அது தன் புருஷன்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

ஒருநாள் இவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து, "ஏம்மா, என்னோட இன்னொரு சாக்ஸ் எங்க?" என்று கத்தினான். போன் அதையும் எழுதிக்கொண்டது. பார்க்காமல் அனுப்பிவிட்டாள். பதினோராவது கொக்கியில் கை வைத்த படைத்தலைவன் ராணியிடம் சாக்ஸ் கேட்டுவிட்டான். தனிப்படைக்கு வந்ததே கோபம். 'ஒரு பொம்பளை பக்கத்துல நிக்கும்போது பேசற பேச்சா இது? இவனெல்லாம் ஒரு மனுசனா?' என்று எழுதியிருந்தான். அவள் ஈரத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் போன வாரம் வந்த கடிதத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

'எனக்குப் பேச ஆளில்லைங்க. எனக்கு வர்ற போன் எல்லாம் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு கத்தறவங்க போன்தான். வீட்டுக்கு வந்தா மனைவி எப்பவும் பாத்ரூம்ல துணியோட இருக்காங்க. உள்ள தனக்குத்தானே ஏதோ முணுமுணுக்கறாங்க. என்மேல கோவம் போலன்னு நான் கூப்பிடறதில்ல. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு உங்ககூட எழுத்துல கொஞ்சம் பேசலாமா?'

அதைப் படித்துவிட்டுக் குழாயை மூட மறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள், அந்தப் பக்கம் ஓர் ஆள். இரண்டு பேருக்கும் பேச ஆளில்லை.

'பேசலாம்' என்று பதில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் அவன் தொண்டையைச் செருமினான்.

"கம்பெனில ட்ரெயினிங். மூணு மணிக்கு. போன்லயே."

"ஞாயித்துக்கிழமையா?"

"மோட்டாருக்கு ஏது ஞாயித்துக்கிழமை."

"பாப்பா அழுவாளே."

"அதான் சொல்றேன், தையல் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாயேன். பாவம், நீயும் எங்க போற."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம். முன்னப் பின்ன ஆகும். பெரிய மோட்டார்."

"அதுக்கு ஏன் சென்ட் போட்டிருக்கீங்க?"

"மோட்டார் கிரீஸ் நாறும்ல."

"போன்லயா?"

அவன் பாப்பாவின் தொப்பியை எடுத்துக் கொடுத்தான்.

தையல் அக்கா எதிர் பிளாக்கில் நாலாவது மாடி. மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு போனைத் திறந்தாள்.

'வணக்கம். வந்துட்டீங்களா?' என்று தனிப்படை கேட்டான்.

'வந்துட்டேன். உங்க வீட்ல துணி ஏதாவது ஊறுதா?'

'ஆமாங்க. எப்படித் தெரியும்?'

'எல்லா வீட்லயும் ஊறும். அலசிக் காயப்போட்டுட்டு வாங்க. காஞ்ச கையோட வர்றவங்ககிட்ட எனக்குப் பேச வராது.'

அக்கா மெஷினை நிறுத்தி ஜன்னல் வழியாக எதிர் பால்கனியைப் பார்த்தாள். "ஏண்டி, அது உன் புருஷனா? இஸ்திரி போட்ட சட்டையோட துணி காயப்போடறாரு?"

"ட்ரெயினிங்க்கா."

"எந்தக் கம்பெனிடி அது? எங்க ஆளையும் சேத்துவிடு."

கால் மணி நேரம் கழித்துத் தனிப்படை மறுபடி போனில் வந்தான்.

'ஆச்சுங்க. கை ஈரமாத்தான் இருக்கு.'

'உங்க மனைவி என்ன முணுமுணுக்கறாங்கன்னு கேட்டிருக்கீங்களா?'

அவன் எழுதுகிறான் என்று காட்டும் மூன்று புள்ளி வந்தது. போனது. மறுபடி வந்தது.

'இல்லைங்க.'

'அவங்களுக்கு என்ன புடிக்கும்?'

இந்தத் தடவை புள்ளிகூட வரவில்லை. திடீரென்று கையிலேயே போன் அடித்தது. புருஷன்.

"ஏம்மா, உனக்கு என்ன புடிக்கும்?"

"எதுக்கு?"

"ட்ரெயினிங்ல கேக்கறாங்க."

"மோட்டார் ட்ரெயினிங்லயா?"

"இப்பெல்லாம் எல்லாம் கேக்கறாங்க. சீக்கிரம் சொல்லு."

நன்றாக நாலு கேள்வி கேட்டு அவனைத் திணற அடிக்கலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் அப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"பஸ்ல கடைசி ஸ்டாப் வரைக்கும் போயி, எறங்காம அதே பஸ்ல திரும்பி வர்றது புடிக்கும். புது சோப்பு பிரிச்ச அன்னிக்கு வாசம் புடிக்கும். யாராவது குறுக்க பேசாம நான் சொல்றதைக் கேட்டா புடிக்கும்."

"இரு இரு, எழுதிக்கறேன். சோப்பு... அப்புறம்?"

"அப்புறம், வேலை செய்யும்போது ஸ்க்ரூடிரைவரை வாயில கடிச்சுக்கிட்டு ஸ்க்ரூ தேடுவீங்களே, அது."



"அதுவா?" என்றான் கடைசியில்.

"ம்."

தனிப்படையிடமிருந்து பட்டியல் வந்தது. பஸ் இருந்தது. சோப்பு இருந்தது. குறுக்கே பேசாதது இருந்தது. இரண்டு தடவை பார்த்தாள். ஸ்க்ரூடிரைவர் இல்லை. அதை மட்டும் அவன் யாருக்கும் காட்டாமல் தானே வைத்துக்கொண்டுவிட்டான்.

கீழே ஒரு வரி. 'தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கு இது போதும். வீட்ல வேலை இருக்கு.'

ஈரக்கைக்குச் சுருக்கென்றது. அறுநூறு பேர் காத்துக் கிடக்கிற எழுத்தாளரை இப்படியா பாதியில் விட்டுவிட்டுப் போவது? அதே நேரம் மடியில் இருந்த பாப்பாவை அவள் இறுக்கிக்கொண்ட இறுக்கில் அது சிணுங்கியது.

"என்னடி, அழறியா சிரிக்கிறியா?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா."

எதிர் பால்கனியில் அவன் வந்து நின்றான். "ஏம்மா, ட்ரெயினிங் முடிஞ்சுது. நான் பாஸ்."

"இதோ வர்றேங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பு போட்டுவிடலாம் என்று போனை வாய்க்கருகில் கொண்டுபோனாள். "இந்த வாரம் கொக்கி கழலாது. ராணி இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறாள், அவளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும்" என்று பாதி சொல்லும்போதே, "என்ன முணுமுணுக்கற அங்க, இங்க வந்து சொல்லேன்" என்று அவன் மறுபடி கூப்பிட, அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.