பெட்டிசன்காரர் பெயர் போட்ட கடிதம்

எங்கள் வெண்ணந்தூர்த் தெருவில் நாய்க்குப் பயப்படாதவர்கள் உண்டு, போலீசுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. பெட்டிசன்காரருக்குப் பயப்படாதவர் ஒருவரும் கிடையாது. மொட்டைக் கடிதம் எழுதுவதுதான் அவருக்கு முழுநேர வேலை. சுவரை அரை அடி தள்ளிக் கட்டினால் மறு வாரம் சர்வேயர் வருவார். வீட்டுக் கரண்டில் தறி ஓட்டினால் ஈபிக்காரர்கள் வருவார்கள். அவர் சும்மா சட்டைப் பைப் பேனாவைத் தொட்டாலே எதிரில் வருபவர் கும்பிடு போடுவார்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தவர், திரும்பி வந்ததும் வீடு வீடாகப் போய் எழுதியதையெல்லாம் ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார். "நாஞ் செத்தா எழவுக்குக்கூட ஆள் வராதுன்னு தோணிப்போச்சுங்க" என்றார். தெருவுக்கு அப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது.

முதல் வீடு தறிக்காரர் வீடு.

"ஏனுங்க, உங்க மேல மூணு எழுதுனேன். ஒண்ணு கரண்டுக்கு, ஒண்ணு செவுத்துக்கு, மூணாவது அந்த ராசிபுரத்துச் சமாச்சாரம்..."

"மன்னிச்சாச்சுங்க! கெளம்புங்க!" என்று அலறினார் தறிக்காரர்.

உள்ளிருந்து அவர் மனைவி வந்தார். "இருங்க. மூணாவத முழுசாச் சொல்லிட்டுப் போங்க."

அதன்பின் பெட்டிசன்காரர் தலை தெரிந்தாலே கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன.

எங்கள் வீட்டுக் கதவை மட்டும் அக்கா திறந்துவிட்டாள். இருபது வருஷத்துக்கு முன் அவளுக்கு நிச்சயமாகியிருந்த மேட்டூர் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போய்க் கல்யாணம் நின்றது. அப்புறம் அவள் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை.

"உனக்கு வலிப்புன்னு எழுதுனது நாந்தான் அம்மணி. உங்கப்பன் மேல இருந்த கோவம். அத்தனையும் பொய்யி."

அவர் சட்டையைப் பிடிக்க எழுந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை உட்காரவைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள்.

"இப்பச் சொன்னத எழுதிக் கீழ உங்க பேரைப் போடுங்க."

பேரா? மனிதருக்கு வியர்த்துவிட்டது. ஆயிரம் கடிதம் எழுதிய கை, சொந்தப் பெயரை எழுத ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. அக்கா அதைப் படித்தாள், மடித்தாள், பீரோவில் வைத்துப் பூட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "இந்த ஒடம்போட ஒத்தையில போகாதீங்க" என்றவள் என்னைப் பார்த்தாள்.

வாசலில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஏழு ஊடு இருக்குது சாமி. அடிச்சுப் போட்ருவாங்களோன்னு பயமாருக்குது. கூட வாரியா?"

எனக்கும் பயம்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேனுங்க, மெதுவா நடங்க" என்றேன்.