மண் துரையின் பார்வை

மண்ணின் தரத்தை அறிய உலகத்தில் ஆயிரம் வழிகள் இருக்கலாம். காரிலிருந்து இறங்காமலே அறிந்த மேதை ஒருவர்தான். நான் கண்மண் தெரியாமல் புகழ்வதாக நினைக்க வேண்டாம். பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. 1920-ல் மலாயாவில், சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி.

அரிசிக்குத் தட்டுப்பாடான வருஷம். எதற்கும் 'உதவாத' நிலம் இருந்தால் கூலிகள் காய்கறி போட்டுக்கொள்ளலாம் என்று எங்கள் தோட்டத்துரை பெரிய மனது பண்ணினார். எது உதவாதது என்று பார்த்துச் சொல்ல ஈப்போவிலிருந்து ஒரு நிபுணர் வருவதாக ஏற்பாடு. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மண் துரை.

அவர் வருவதற்கு முதல் நாள் ஓடைப்பக்கம் போனேன். அங்கே அரை ஏக்கர் நல்ல கறுப்பு மண் உண்டு. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் நல்லம்மாளும் இன்னும் எட்டுப் பெண்களும் ஈயச் சுரங்கத்து வெள்ளை மணலைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அதன்மேல் தூவிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது?"

"கோலம் போடுறோம், கிராணி ஐயா."

"அரை ஏக்கருக்கா?"

"பெரிய துரை வாராருலா! சின்னதாப் போட்டா மரியாதையா இருக்குமா?"

விளையும் முதல் கத்தரிக்காய் உங்களுக்குத்தான் என்றாள் நல்லம்மாள். என் பார்வை உடனே மங்கிவிட்டது.

மறுநாள் மண் துரை காரில் இருந்தபடியே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மணல். ஆறடிக்கு வெறும் மணல்."

"தோண்டிப் பார்க்கலாமா, துரை?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"தோண்டுவது படிக்காதவன் வேலை."

நல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இந்த மண்ணையா எங்க தலையில கட்டுறீங்க!" என்று அழுதாள். பிரமாதமான அழுகை. "நன்றி சொல்கிறாள்" என்று மொழிபெயர்த்தேன்.

நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. மணலை ஒதுக்கினார்கள். பால் வெட்டு முடிந்து வந்து சாணியும் அடுப்புச் சாம்பலும் சுமந்து கொட்டினார்கள். ஐந்தாவது மாதம் பூசணி ஒவ்வொன்றும் தோட்டத்துரையின் வயிறு அளவுக்கு இருந்தது. அந்த வயிற்றுக்கு உரியவர் அதைக் கண்டார். மண் துரைக்கு மறுபடியும் அழைப்பு போயிற்று.

இம்முறையும் அவர் இறங்கவில்லை. "முதல் தரம்! தானாகவே விளையும் மண்!" என்றார். நிலம் தோட்டத்துரையின் பங்களாவுக்குச் சேர வேண்டும் என்று அங்கேயே முடிவானது.

நல்லம்மாள் காருக்கு முன்னால் வந்து நின்றாள். பின்னால் எட்டுப் பேர், கையில் மண்வெட்டி.

"தானா விளைஞ்சதா? அஞ்சு மாசம் நாங்க சுமந்து போட்டது, ஐயா. புள்ளைங்க இதைத்தான் தின்னுது. சொல்லுங்க, துரைகிட்டச் சொல்லுங்க!"

இந்த முறை அவள் அழவில்லை. நானும் மொழிபெயர்க்கவில்லை.

மண் துரை ஒரு அச்சடித்த ஃபாரத்தை என்னிடம் நீட்டி நிரப்பச் சொன்னார். அதில் ஒரு கட்டம்: 'இதற்கு முன் பயிர் செய்தவர்.' அவர் கண்ணைச் சுருக்கி நாலா பக்கமும் நிதானமாகப் பார்த்தார்.

"யாரும் தெரியவில்லை," என்றார்.

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அப்படியே எழுதினேன்.