சதை நிறுவை

"போன மாசத்தவிட சதை ரெண்டு கிலோ கொறஞ்சிருக்கு," என்றாள் நர்ஸ் சுலக்ஷனா, செல்லசாமியின் கையிலும் காலிலும் ஒட்டியிருந்த வயர்களைக் கழற்றியபடி.

"தராசு அதே எடையத்தானே மிஸ் காட்டிச்சி?"

"அதுல கொழுப்பையும் தேங்கியிருக்கிற தண்ணியையும் மெஷின் கழிச்சிரும். மிச்சந்தான் சதை. இப்பிடியே போனா ஒங்கள செவ்வாய், வெள்ளிக்கு மாத்திருவோம். அந்த நாள்லதான் சாப்பாட்டு டாக்டர் வருவாரு."

செல்லசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கொழுந்து நிறுக்கும் வேலை பார்த்தவர். மழை நாளில் ஈரத்துக்கென்று சாக்குக்கு இரண்டு கிலோ கழித்து எத்தனை பெண்களிடம் வசை வாங்கியிருப்பார்! இப்போது அவரையே ஒரு மெஷின் கழிக்கிறது.

கழித்துவிட்டுப் போகட்டும். நாள் மாறினால் என்ன செய்வது? மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் குவைத்தில். தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையில் பேச்சுத் துணைக்கு ரேடியோ மட்டுந்தான். திங்களும் வியாழனும் டயலிசிஸுக்கு வந்து, பக்கத்துக் கட்டில் கணேசமூர்த்தி மாஸ்டரோடு நாலு மணி நேரம் சண்டை போடுவதற்காகவே அவர் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். மாஸ்டர் யாழ்ப்பாணத்து வாத்தியார், தனிக்கட்டை. எதைச் சொன்னாலும் "அது பிழை" என்பார். அவர் இல்லாமல் முடியாது என்று செல்லசாமி வாய்திறந்து சொல்வாரா? செத்தாலும் மாட்டார்.

எடை கூட்டக் கொழுந்துப் பெண்கள் செய்த வித்தையெல்லாம் அவருக்கு அத்துப்படி. அடுத்த நிறுவைக்கு முன் ஒரு செம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டுப் போனார்.

"ஒரு லிட்டர் தண்ணி கூட!" என்று கத்தினாள் சுலக்ஷனா. சதை அசையவில்லை. ஏறிய தண்ணீரை இறக்க அவர் ஒரு மணி நேரம் கூடுதலாகப் படுக்க வேண்டியதாயிற்று.

"மெசினை ஏமாத்தலாமெண்டு நினைச்சீரோ?" என்று சிரித்தார் மாஸ்டர். "அது பிழை."

அதற்கடுத்த மாதம், சாக்குக்குள் கல் போடும் வித்தை. இரண்டு எடைக்கற்களைச் இடுப்பில் கட்டிய சாரத்து மடியில் செருகிக்கொண்டு தராசில் ஏறினார். மெஷின் அதையெல்லாம் கொழுப்புக் கணக்கில் சேர்த்தது. சதை இன்னும் கொஞ்சம் குறைந்தே இருந்தது. கட்டிலை விட்டு இறங்கும்போது மடி அவிழ்ந்து, கற்கள் தரையில் உருண்டோடின. வார்டே சிரித்தது.

சுலக்ஷனா சிரிக்கவில்லை. "ரெண்டு மாசம் டைம் தாறேன். அதுக்குள்ள சதை ஏறலன்னா மாத்தந்தான்."

மாஸ்டரும் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வித்தை தீர்ந்துபோனதால் செல்லசாமி நர்ஸ் சொன்னபடி கேட்டார். முட்டை வெள்ளைக்கரு, காலையும் மாலையும் மலைப்பாதையில் நடை. வெள்ளைக்கரு இறங்க மறுத்தபோதெல்லாம் மாஸ்டரின் முகத்தை நினைத்துக்கொண்டு விழுங்கினார். ஜெயிக்கும்வரை இதைப் பற்றி மாஸ்டரிடம் மூச்சு விடவில்லை.

இரண்டு மாதக் கெடு முடிந்த திங்கட்கிழமை சுலக்ஷனா முதன்முதலாகச் சிரித்தாள். "முக்கால் கிலோ ஏறியிருக்கு! நீங்க திங்கள், வியாழனே வாங்க."

இளைஞனைப் போலக் கட்டிலுக்கு விரைந்தார் செல்லசாமி. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒரு புது ஆள் படுத்திருந்தார்.

"மாஸ்டர் எங்கம்மா? அவருக்கு ஒண்ணுமில்லையே?"

தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்த வார்ட் வேலைக்காரப் பெண் தனுஜா நிமிர்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்காருங்கய்யா. நீங்க எப்பிடியும் செவ்வாய், வெள்ளிக்குத்தான் போவீங்கன்னு, ஒங்க பக்கத்துக் கட்டிலே வேணும்னு பெரிய டாக்டர் கால்ல விழாத கொறையா கெஞ்சி, நாளையிலேருந்து அங்க மாத்திக்கிட்டாரு."